முதிய பூனைக்குத் தோலடித் திரவம் ஏற்றிய பின் வரும் 24 மணி நேரம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 16 வயது ஆகிறது, பெண். நிறையத் தண்ணீர் குடித்தும் இளைத்துக்கொண்டே வந்ததால் ரத்தப் பரிசோதனை செய்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.6 என்று வந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்று சொன்ன மருத்துவர், ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.லி. ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்றச் சொன்னார். அவளுடைய எடை இப்போது 3.4 கிலோ. முதல் இரண்டு முறை மருத்துவமனையில் ஏற்றினார்கள். பிறகு நானும் என் தம்பியும் வீட்டிலேயே ஏற்றுகிறோம். ஏற்றியவுடன் தோளுக்கு நடுவே திமில் போல இருந்த வீக்கம், இரவுக்குள் வலது முன்னங்காலுக்கு இறங்கி, கால் உறை போட்டதுபோல் பருத்துவிட்டது. நொண்டி நடந்தாள். ஊசி போட்ட இடத்தில் முடி நனைந்து இளஞ்சிவப்பாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவள் இரவு சாப்பிடவே இல்லை. பயந்துபோய்ச் சூடான துணியால் ஒத்தடம் கொடுத்தேன். நான்காம் முறை, முந்தைய வீக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தபோதும், நாள் தவறக்கூடாது என்று ஏற்றிவிட்டோம். இப்போது தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். வயதான உயிரை ஏன் ஊசியால் குத்துகிறீர்கள் என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அடுத்த முறை ஏற்றலாமா?

பதில்: நீங்கள் ‘அவள்’ என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் வீக்கத்தைப் பற்றி மிக விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே தொடங்கியது, எந்தக் காலுக்கு இறங்கியது, பார்க்க எப்படி இருந்தது என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் மிச்ச வீக்கத்தின்மேல் நான்காம் முறை ஏற்றியதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அவளுடைய மூச்சைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கண்ணில் படுவது வீக்கம் என்பதால் எல்லோரும் அதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். ஆபத்து வருமானால் அது பெரும்பாலும் மூச்சில்தான் முதலில் தெரியும். எனவே வீக்கத்தைப் பற்றிய உங்கள் அச்சத்தை முதலில் போக்கிவிட்டு, நீங்கள் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

பூனையின் தோல் அதன் உடலோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. தோளுக்கு மேலே அதைக் கூடாரம்போல் தூக்கிப் பிடிக்க முடிவதற்கு அதுதான் காரணம். அந்தத் தளர்வான இடைவெளியில்தான் திரவத்தை விடுகிறோம். உள்ளே போன திரவம் உடனே ரத்தத்தில் கலந்துவிடாது. தோலடியிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதுவரை அது தாழ்வான பக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் தோளில் விட்டது காலுக்கும், சில சமயம் பாதம் வரைக்கும், வேறு சில பூனைகளில் மார்புக்கும் வயிற்றுக்கும் வந்து நிற்கிறது. உங்கள் பூனைக்கு ஏற்றிய அளவைக் கிலோவுக்கு இத்தனை என்று கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் ஏற்றியதற்குச் சமம். அத்தனை நீர் ஒரு பக்கமாகச் சரிந்து காலில் தொங்கும்போது நொண்டாமல் நடப்பதுதான் வியப்பாக இருக்கும். அது வலியால் வந்த நொண்டல் என்பதைவிட, பாரத்தால் வந்த நடை என்று கொள்வதே சரி.

இத்தகைய வீக்கம் தொட்டால் மெத்தென்று இருக்கும், விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழுந்து பிறகு நிரம்பும், சூடு இருக்காது, பூனை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாது. பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். சில பூனைகளுக்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆகலாம். இதற்கு மாறாக, அந்த இடம் சூடாகவும் இறுக்கமாகவும் இருந்தால், தொட்டால் அவள் சீறினால், நாளுக்கு நாள் குறையாமல் கெட்டிப்பட்டுக்கொண்டே போனால், சீழோ துர்நாற்றமோ தெரிந்தால், அது திரவம் அல்ல, கிருமித்தொற்று. அதற்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நனைந்த முடியைப் பற்றியும் கவலை வேண்டாம். ஊசியை எடுத்த துளை வழியாகச் சில சொட்டுகள் கசிவது வழக்கம்; வழியில் ஒரு சிறு ரத்தக் குழாயில் ஊசி பட்டிருந்தால் அந்தக் கசிவு இளஞ்சிவப்பாகத் தெரியும். ஊசியை உருவியதும் துளையின் இரு பக்கத் தோலையும் விரல்களால் சேர்த்து ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டால் கசிவு வெகுவாகக் குறையும். கசிவாக இல்லாமல் ரத்தமாகவே வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்களில் நிற்காவிட்டால்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும். தோலை அழுத்தும்போது நறநறவென்று ஒரு சத்தம் கேட்டால், குழாயிலிருந்த கொஞ்சம் காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ரத்தக் குழாய்க்குள் போகும் காற்றைப் போன்றதல்ல இது, தானே மறைந்துவிடும்.

நீங்கள் கொடுத்த ஒத்தடத்தை மட்டும் இனி விட்டுவிடுங்கள். முதிய பூனையின் தோல் மெல்லியது. உங்கள் கைக்கு இதமாக இருக்கும் சூடு அதற்குப் புண்ணாகிவிடலாம். திரவத்தை வடியவைப்பதற்காகக் காலை அழுத்திப் பிசைவதோ, துணி கட்டுவதோ, ஊசியால் குத்தி வெளியேற்றுவதோ கூடவே கூடாது. கால் வீங்கி நொண்டுகிறாளே என்று வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அதைக் கட்டாயம் தடுத்துவிடுங்கள். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனமானது. மனிதருக்குச் சாதாரணமான ஒரு மாத்திரை பூனையின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிக் கொன்றுவிடக்கூடும். அந்த நஞ்சின் அறிகுறிகளில் ஒன்று முகமும் பாதங்களும் வீங்குவது. திரவத்தின் வீக்கம் என்று தவறாக நினைத்து நேரத்தைக் கடத்திவிடவும் வாய்ப்பிருக்கிறது. இபுப்ரோஃபென் போன்றவை, ஏற்கெனவே நொந்திருக்கும் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும்.

இப்போது மூச்சுக்கு வருகிறேன்.

தோலடியிலிருந்து உறிஞ்சப்பட்ட திரவம் ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததை இதயம் சுற்றிவரச் செய்ய வேண்டும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் நீர் உடலில் தேங்கும். ரிங்கர் லாக்டேட்டும் சலைனும் வெறும் தண்ணீர் அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 0.9 சதவீத சலைன் 100 மி.லி.யில் கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு இருக்கிறது. ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் அதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். முதிய பூனைகளில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் வெளியே தெரியாமல் இருப்பது அரிதல்ல. சிறுநீரக நோயோடு உயர் ரத்த அழுத்தமும் அடிக்கடி சேர்ந்து வரும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனைகளும் இந்த வயதில் ஏராளம். அப்படிப்பட்ட பூனைக்கு, உறிஞ்சப்படாத திரவத்தின்மேல் இன்னும் திரவம் ஏற்றினால், மிகுதி நீர் நுரையீரலுக்குள்ளோ நுரையீரலைச் சுற்றியோ சேரத் தொடங்கும். நாயைப்போலவோ மனிதரைப்போலவோ பூனை இருமி எச்சரிப்பதில்லை. முதல் அறிகுறி பெரும்பாலும் மூச்சின் வேகம் மட்டுமே. அதுவும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணுவது எளிது. அவள் நன்றாக உறங்கும்போது, தொடாமல், விலகி உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். விலா உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். உர்ர்ர் என்று சுகமாக முனகிக்கொண்டிருக்கும்போதும், கனவில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போதும் எண்ணினால் கணக்குத் தவறும். ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பாலான பூனைகள் நிமிடத்துக்கு 30-க்குக் குறைவாகவே மூச்சு விடுகின்றன. உங்கள் பூனைக்கு வழக்கமான எண் என்ன என்பதைத் திரவம் ஏற்றாத நாட்களில் மூன்று நான்கு முறை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய வழக்கம் 20 என்றால், 28-கூட உங்களை நிமிர்ந்து உட்காரச் செய்ய வேண்டும். திரவம் ஏற்றிய பின் சில மணி நேரம் கழித்து ஒரு முறையும், அன்றிரவும், மறுநாள் காலையும் எண்ணுங்கள். உறக்கத்தில் மீண்டும் மீண்டும் 30-ஐத் தாண்டினால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, கழுத்தை நீட்டி முழங்கைகளை விரித்து உட்கார்ந்து வயிறு உள்ளிழுக்க மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினாலோ அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கவும் நேரமில்லை. கூடையில் வைத்து நேரே கொண்டுபோக வேண்டியதுதான்.

மிச்ச வீக்கத்தின்மேல் நீங்கள் மீண்டும் ஏற்றியது ஏன் என்னை உறுத்தியது என்பது இப்போது விளங்கியிருக்கும். உங்கள்மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எழுதித் தந்தால், அதை மாத்திரை நேரம்போலத் தவறாமல் கடைப்பிடிப்பதுதான் பொறுப்பு என்று எவரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த இடைவெளி, அவளுடைய எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் செய்த ஒரு மதிப்பீடு. உடல் அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதற்கு முதல் சாட்சியே வீக்கம் வடியும் நேரம்தான். ஒரு நாள் கடந்தும் குறிப்பிடத்தக்க அளவு திரவம் மிஞ்சியிருக்கிறதென்றால், அவளுடைய ரத்த ஓட்டம் தோல்வரை சரியாக எட்டவில்லை, அல்லது உடலுக்கு இனி நீர் தேவைப்படவில்லை, அல்லது இதயம் சுமக்கத் தடுமாறுகிறது என்று பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. உடல் குளிர்ந்திருந்தாலும் நீர்ச்சத்து மிக வற்றியிருந்தாலும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். அந்த நிலையில் தோலடியில் ஏற்றுவதால் பயனில்லை, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும், அதன்மேல் இன்னொரு 100 மி.லி. அதற்கு மருந்தாகாது.

ஆகவே இனி ஒவ்வொரு முறையும் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, உள்ளங்கையால் அவளுடைய தோளிலிருந்து மார்புக்கு அடி, இரு அக்குள், முன்னங்கால்கள், வயிறு என்று வருடிப் பாருங்கள். தளும்பும் திரவம் கைக்குத் தட்டுப்பட்டால் அன்று ஏற்ற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். தவறிய வேளைக்கு ஈடாக மறுமுறை இரட்டிப்பாக ஏற்றவும் வேண்டாம். பாதி ஏற்றும்போதே அவள் திமிறி எழுந்துவிட்டால், மீண்டும் குத்துவதைவிட அன்றைக்கு அதுவே போதும் என்று விட்டுவிடுவது மேல். 60 மி.லி. உள்ளே போயிருந்தால் அது 60 மி.லி. நன்மை, உங்கள் மடியில் சிந்திய மீதியை நினைத்து வருந்தாதீர்கள், வீட்டில் முதன்முதலில் ஏற்றும் எவருடைய மடியும் நனையாமல் இருந்ததில்லை.

மூச்சுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது எடையை. 100 மி.லி. திரவம் 100 கிராம் எடை. இதைவிட நேரான கணக்கு மருத்துவத்தில் குறைவு. திரவம் ஏற்றுவதற்கு முன், முடிந்தவரை ஒரே வேளையில், கைக்குழந்தைகளை எடைபோடும் தராசில் அவளை நிறுத்து எழுதிவையுங்கள். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பார்க்கும் முறையில் 100 கிராம் அங்கே இங்கே போய்விடும், 3.4 கிலோ பூனைக்கு அந்தப் பிழை மிகப் பெரியது. சரியாகச் சாப்பிடாத பூனையின் எடை மூன்று நான்கு நாட்களுக்குள் 170 கிராம் அளவுக்கு, அதாவது உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு கூடியிருந்தால், அது சதையல்ல, தேங்கிய நீர். மாறாக வாரத்துக்கு வாரம் எடை குறைந்துகொண்டே போனால், திரவம் மட்டும் போதவில்லை, உணவையும் குமட்டலையும் கவனிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம்.

அன்றிரவு அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததற்குப் பெரிய மருத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை. பிடித்து வைத்து, உடலின் சூட்டைவிடக் குளிர்ந்த நீரை முதுகில் ஏற்றினால், ஒளிந்துகொள்ளாத பூனை எது? பூனையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அறையின் வெப்பத்திலுள்ள திரவம் அதற்குச் சில்லென்றுதான் இருக்கும். திரவப் பையை வெதுவெதுப்பான நீர் நிறைந்த பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்திருந்து, சில சொட்டுகளை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். சூடோ குளிரோ தெரியாமல் இருந்தால் சரியான பதம். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பையின் ஒரு பகுதி கொதித்தும் இன்னொரு பகுதி குளிர்ந்தும் இருக்கும். அதை ஒருபோதும் செய்ய வேண்டாம். அவள் தூங்கும் மெத்தையிலோ சாப்பிடும் மூலையிலோ வைத்து ஏற்றாமல், அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் தூக்கத்துக்கும் சோற்றுக்கும் உரிய இடங்களைக்கூட அவள் சந்தேகிக்கத் தொடங்குவாள்.

ஏற்றி முடித்த பின் ஒரு மணி நேரம் அவளை அவள் போக்கில் விடுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவது நம்முடைய ஆறுதலுக்காகத்தான். அவளுக்கு அதுவும் ஒரு பிடித்தலே. அவள் எங்கே போய்ப் படுக்கிறாளோ அதற்கு அருகில் ஒரு துண்டு, தண்ணீர், மணல் தட்டு மூன்றையும் வையுங்கள். தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். இந்த வயதில் மூட்டுத் தேய்மானம் இல்லாத பூனை அபூர்வம், கூடவே ஒரு காலில் பாரமும் தொங்குகிறது. அதே காரணத்தால் அன்று உயரமான அலமாரி, சன்னல் விளிம்பு போன்ற இடங்களுக்குத் தாவ விடாதீர்கள். சில பூனைகள் அன்று முழுவதும் கூடுதலாக உறங்கும். கூப்பிட்டால் தலை தூக்கிப் பார்க்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது என்றால் உறங்கட்டும்.

ஒரு வேளை உணவைத் தவிர்த்ததை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. ஆனால் 24 மணி நேரம் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூனை இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தால் உடலிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, புதிதாக ஒரு நோயை உண்டாக்கிவிடும். இங்கே பசியின்மையையும் குமட்டலையும் பிரித்தறிய வேண்டும். தட்டருகே ஆவலோடு வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் விழுங்கித் திரும்பிப் போகும் பூனைக்குப் பசி இருக்கிறது, வயிறுதான் ஒத்துழைக்கவில்லை. அதற்குக் குமட்டலை நிறுத்தும் மருந்தும் பசியைத் தூண்டும் மருந்தும் இருக்கின்றன; உங்கள் மருத்துவர் அவற்றில் பொருத்தமானதைத் தருவார். ஊசிக்குழாயில் கூழை நிரப்பி வாயில் திணிக்காதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் ஒருபுறம் இருக்க, அந்த உணவின் வாசனையையே அவள் வாழ்நாள் முழுவதும் வெறுத்துவிடுவாள். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவுக்கு மாறச் சொல்லியிருந்தால், அந்த மாற்றத்தை அவள் நன்றாக இருக்கும் நாட்களில், பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள். திரவம் ஏற்றி முகம் வாடியிருக்கும் இரவு அதற்கான நேரம் அல்ல. ஈரமான உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அவள் அதை விரும்பிச் சாப்பிட்டால் ஊசியால் ஏற்ற வேண்டிய அளவுகூடக் குறையலாம்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பது இயல்பு. இந்த நோயில் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழந்துவிடுவதால், வெளியே போகும் நீரை ஈடுகட்டவே அவள் ஓயாமல் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நீரை நீங்கள் தோல் வழியாகக் கொடுத்துவிட்டீர்கள், தாகம் அடங்கியது. அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை ஒருபோதும் எடுத்துவிட வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியது மணல் தட்டைத்தான். உடலுக்குள் போனது வெளியே வர வேண்டும். திரவம் ஏற்றிய சில மணி நேரத்தில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகவே இருக்க வேண்டும். நிறைய ஏற்றியும் சிறுநீர் குறைந்தால், அதுவும் எடை கூடி மூச்சும் வேகமானால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எல்லை கடந்துவிட்டது. மலம் உருண்டை உருண்டையாகக் காய்ந்து வருகிறதா என்பதையும் அப்படியே கவனித்துவிடுங்கள். நீர்ச்சத்து போதவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி. முதுகுத் தோலைத் தூக்கிவிட்டு அது மெதுவாகத் திரும்பினால் நீர்ச்சத்துக் குறைவு என்று சொல்வார்கள். முதிய பூனையின் தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும், அதனால் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. ஈறைத் தொட்டுப் பாருங்கள்: வழுவழுப்பாக ஈரமாக இருந்தால் நல்லது, விரலில் ஒட்டினால் வறட்சி.

திரவப் பையைப் பற்றிச் சில சொற்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஒரு முறை தோலைத் துளைத்த ஊசியின் முனை மழுங்கிவிடும், அடுத்த முறை வலிக்கும், கிருமியும் சேரும். பை கலங்கியிருந்தாலோ உள்ளே ஏதேனும் மிதந்தாலோ எவ்வளவு மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் குளுக்கோஸ் கரைசலைத் தோலடியில் ஏற்றவே கூடாது. அது திசுவை எரிச்சலூட்டிச் சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும். பையின் மேல் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் உரக்கப் படித்துவிட்டு ஏற்றும் பழக்கத்தை நீங்களும் உங்கள் தம்பியும் வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின், பொட்டாசியம் எதையும் நீங்களாகப் பையில் கலக்க வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களின் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். அது நியாயமான கேள்வி. கிரியாட்டினின் உயரும் நேரத்தில் சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். போனதை எந்தத் திரவமும் மீட்டுத் தராது. அடுத்த பரிசோதனையில் 3.6 என்பது 3.0 ஆகக் குறைந்திருந்தால், நீர்ச்சத்துக் குறைவால் கூடியிருந்த பங்கு சரியாகிவிட்டது என்றுதான் பொருள், சிறுநீரகம் குணமாகவில்லை. இந்தச் சிகிச்சையின் நோக்கம், இருக்கும் நாட்களில் அவளுக்குக் குமட்டலும் சோர்வும் மலச்சிக்கலும் குறைந்திருக்க வேண்டும் என்பதே. எனவே அளவுகோலும் அதுவாகவே இருக்கட்டும். மறுநாள் அவள் தானாக எழுந்து வந்து சாப்பிடுகிறாளா, முடியை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறாளா, வெயில் படும் இடத்தைத் தேடிப் போகிறாளா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்தச் சில நிமிடக் குத்தலுக்குப் பலன் இருக்கிறது. அதைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஏற்றியும் எந்த மாற்றமும் இல்லை, ஊசியைக் கண்டாலே நடுங்குகிறாள் என்றால், அளவைக் குறைக்கலாமா, இடைவெளியைக் கூட்டலாமா, நிறுத்திவிடலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மூன்றாம் நிலையிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் குடித்து, நீர்ச்சத்தைத் தானே காத்துக்கொள்ளும் பூனைக்கு நான் இதைத் தொடங்குவதில்லை.

அடுத்த முறை ஏற்றலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் மருத்துவரிடம் பேசும்வரை வேண்டாம். இன்றிரவு அவள் உறங்கும்போது மூச்சை எண்ணுங்கள். காலையில் எடை பாருங்கள். முன்னங்கால்களையும் மார்புக்கு அடியையும் வருடிப் பாருங்கள். மிச்ச வீக்கத்தின்மேல் நான்காம் முறை ஏற்றியதை, அது எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதோடு சேர்த்து, மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அவளுடைய இதயத்தில் முணுமுணுப்பு (துடிப்புகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் ஓசை) ஏதும் கேட்டதா, ரத்த அழுத்தம் அளந்தார்களா, பொட்டாசியம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இருட்டில் பொருட்களின்மேல் மோதுகிறாள், கண்மணி எப்போதும் விரிந்தே இருக்கிறது என்று தோன்றினால் ரத்த அழுத்தத்தை அன்றே அளக்க வேண்டும், ஏனெனில் விழித்திரை பிரிந்து பார்வை போய்விடக்கூடும். தலையை நிமிர்த்த முடியாமல் மோவாய் நெஞ்சில் பட நடந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். இவை எதுவும் இல்லை, வீக்கம் முழுவதும் வடிந்திருக்கிறது, மூச்சும் 30-க்குள்ளேயே நிற்கிறது என்றால், ஒரே இடத்தில் 100 மி.லி. விடுவதற்குப் பதிலாக அதை இரு பக்கமாகப் பிரித்து விடலாமா, 3.4 கிலோ எடைக்கு 75 மி.லி.யே போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தரும் அளவை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே மூச்சுக்கும் எடைக்கும் ஒரு கட்டம் போட்டு, திரவப் பை தொங்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். அந்த இரண்டு கட்டங்களும் நிரம்பிய பிறகே ஊசியின் மூடியைத் திறக்க வேண்டும் என்று தம்பியிடமும் சொல்லிவிடுங்கள்.